தறிச் சத்தமும் அப்பாவின் காதும்: விசைத்தறி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர்ப் பக்கம் தறிப்பட்டறை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு வணக்கம்.

நான் தறிக்காரர் மகன். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டினார். போன வாரம் மிட்டாய் வாங்க என் மகள் "தாத்தா, காசு" என்று கை நீட்டினாள். அவர் குனிந்து காதைக் காட்டினார். அவருக்கு 'காது' என்று விழுந்திருக்கிறது. குழந்தை சிரித்தாள், அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தறி இரைச்சல் முதலில் தின்பது கீச்சென்ற ஒலிகளை, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பவற்றை. அதனால் 'ச' மங்கிவிடும். ஆ, ஊ எல்லாம் நன்றாக விழும். "கேக்குதுடா, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்பார். வீட்டில் பல வருஷம் அதைப் பிடிவாதம் என்றே நினைத்துக் கத்தினோம். கத்தினால் கூடுவது ஆவும் ஊவும்தான்.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற எலும்புக்குள், சத்தத்தை வாங்கி நரம்புக்குத் தரும் மயிர்ச்செல்கள், காதுக்குச் சுமார் 15,000. இரைச்சலில் செத்தது திரும்ப முளைக்காது. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றியும் பார்த்தாயிற்று.

எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் 3 கூடும்போதெல்லாம் நேரம் பாதி. காதைக் காக்க மருத்துவர்கள் போடும் கணக்கு இது. அப்படிப் பார்த்தால் 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா அடித்து ஓடும் கூடத்தில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். நம் ஷிப்டோ பன்னிரண்டு மணி நேரம். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே சேர்த்திருந்தார்கள். பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைக்குள் அந்தச் சட்டம் எங்கே எட்டிப் பார்த்தது?

அப்பா கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார். பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. நுரையால் செய்த காதடைப்பான் தடுக்கும், சரியாகப் போட்டால். விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும் வரை பிடித்திருக்க வேண்டும். மொத்தமாக வாங்கினால் ஜோடி டீக்காசுதான். பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ஆட்களுக்குப் போடச் சொல்லிக் கொடுங்கள். "சத்தம் கேக்காம தறி எப்படிங்க ஓட்டறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான், தறிக்காரர் காதாலும் நெய்கிறவர். ஆனால் சத்தம் குறையுமே தவிர மறைந்துவிடாது. தறி இடறினால் அடைப்பானோடும் தெரியும். நாலு நாளில் பழகிவிடும்.

நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஆடும் போல்ட்டை இறுக்குங்கள், தறிக்கும் நல்லது. வருஷம் ஒருமுறை ஆட்களுக்குச் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள், லீவுக்கு மறுநாள் காலையில், தறிக்குப் போகும் முன். ஷிப்ட் முடிந்த கையோடு பார்த்தால் தற்காலிக மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

உங்களில் பாதிப் பேர் அதே கூடத்தில் வளர்ந்தவர்கள், இன்றும் நூல் முடிகிறவர்கள். போனில் நீங்களும் சத்தமாகத்தான் பேசுகிறீர்கள். பரிசோதனைக்கு ஆட்களை அனுப்பும் அன்று வரிசையில் முதல் ஆளாக நீங்கள் உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரர் மகன்