ஒன்பதே இடம்தான்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டிக்கொண்டிருப்பாய். வலது முழங்கால் மறுபடி மக்கர் பண்ணுகிறது, மாடிப்படி பக்கமே போவதில்லை, பெரியவளுக்கு ஜூனில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது (பத்திரிகை தனியாக வரும், ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் டிக்கெட்டைப் போட்டுவிடு). இதற்கு நடுவில் எங்கள் வேதபாட வகுப்பில் பத்துக் கட்டளைகளைப் பற்றி என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். மலைமேல் கர்த்தர் அவற்றைக் கொடுத்த யாத்திராகமம் 19, 20 எல்லாருக்கும் அத்துப்படி, இடி, மின்னல், எக்காளம், புகை. அதையே திரும்ப ஓதுவதற்குப் பதில், பின்னால் வந்தவர்கள் அந்த நாளை எப்படி ஞாபகம் வைத்திருந்தார்கள் என்று பார்க்கலாமே என்று போனில் சீனாய், ஓரேப் என்று அந்த மலையின் இரண்டு பெயரையும் போட்டுத் தேடினேன்.

மோசேயின் ஐந்து ஆகமங்களைத் தாண்டினால் பழைய ஏற்பாட்டில் சீனாய் நான்கு இடம், ஓரேப் ஐந்து இடம். அவ்வளவுதான்! நம்பாமல் இரண்டு தடவை எண்ணினேன்.

சீனாய் நான்கில் மூன்று பாட்டில் வருகிறது: தெபொராளின் பாட்டில் ஒன்று, 68ஆம் சங்கீதத்தில் இரண்டு. பூமி அதிர்கிறது, வானம் பொழிகிறது, ரதங்கள் வருகின்றன, கட்டளை என்ற பேச்சே இல்லை. 136ஆம் சங்கீதம் உனக்குத் தெரியுமே, 26 வசனத்திலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ வரும். எகிப்து, செங்கடல், வனாந்தரம், சீகோன், ஓக் ராஜாக்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், அந்த மலையை மட்டும் எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷனைத் தாண்டுகிற மாதிரி தாண்டிவிடுகிறது. 119 இன்னும் வேடிக்கை. 176 வசனம், முழுக்க வேதத்தின் பெருமைதான், ஆனால் மோசேயும் இல்லை, மலையும் இல்லை.

ஓரேபில் இரண்டு இடம் உடன்படிக்கைப் பெட்டிக்குள் கற்பலகைகள் மட்டும் இருந்த செய்தி, ராஜாக்களில் இருப்பதை நாளாகமம் திரும்பச் சொல்கிறது. 106ஆம் சங்கீதத்துக்கு ஓரேப் என்றால் ஜனங்கள் அங்கே செய்து கும்பிட்ட கன்றுக்குட்டிதான் ஞாபகம் வருகிறது. வீட்டில் நடந்த விசேஷத்தை விட்டுவிட்டு அன்றைக்கு நடந்த சண்டையை மட்டும் சொல்லிக் காட்டுகிற பெரியவர்கள் மாதிரி. அப்புறம் எலியா தீர்க்கதரிசி. நாற்பது நாள் நடந்து அதே மலைக்குப் போகிறான், காற்று, நில அதிர்ச்சி, அக்கினி எல்லாம் வருகிறது, கர்த்தர் அதில் எதிலும் இல்லை, கடைசியில் ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’. அதுவும் முதலில் கட்டளை எதுவும் தரவில்லை, ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்று கேட்கிறது. இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மல்கியா நான்காம் அதிகாரத்தில் ஓரேபில் கொடுத்ததை நினையுங்கள் என்று ஒரே வசனம்.

ஆக, சீனாயின் பெயரையும் அங்கே கொடுத்த கட்டளைகளையும் சேர்த்துச் சொல்வது நெகேமியா 9 மட்டும்தான். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்து, பெர்சிய ராஜாவுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு, இரட்டுடுத்தி, தலையில் புழுதியோடு நின்று ஜெபிக்கிறவர்கள், மலையின்மேல் இறங்கினீர், வானத்திலிருந்து பேசினீர் என்று இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்கிறார்கள். இறங்கின பிறகு எப்படி வானத்திலிருந்து பேசுவது என்று அவர்களுக்குக் கவலையே இல்லை. கட்டளைகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஓய்வுநாள் ஒன்றைத்தான். ஏன் என்று 13ஆம் அதிகாரம் படித்ததும் புரிந்தது. எருசலேமில் தீரு ஊர் வியாபாரிகள் ஓய்வுநாளிலேயே மீன் விற்கிறார்கள். அங்கே அதிபதியாக இருந்த நெகேமியா இருட்டும் நேரத்தில் வாசல் கதவுகளைச் சாத்தச் சொல்கிறான். சரக்கோடு வந்தவர்கள் ஒன்றிரண்டு தடவை மதிலுக்கு வெளியே ராத்தங்குகிறார்கள். இன்னொரு தடவை தங்கினால் கைபோடுவேன் என்று மிரட்டி அனுப்புகிறான். ராஜா இல்லை, சொந்தப் படை இல்லை, கையில் இருந்தது அந்த ஒரு நாள்தான், அதுவும் மீன் கூடையில் போய்க்கொண்டிருந்தது. சீனாயை நினைக்கும்போது அது முதலில் வாயில் வராமல் என்ன செய்யும்?

வகுப்பில் இதைச் சொன்னேன். ஒருத்தர் மட்டும், அப்போ பத்துக் கட்டளையை எப்போ ஆரம்பிப்பீங்க என்று கேட்டார். சரி, அடுத்த வாரம் என்றேன்.

உன் கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று? எழுத முடியாவிட்டால் மகனிடம் சொல்லி எழுதவை.

உன் பழைய பெஞ்சுக்காரன்