மருந்துச் சீட்டில் லத்தீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘பி.டி., டி.டி.எஸ்.னு போட்டிருக்கே, என்னங்க?’ என்று கேட்பவர்களைச் சேலம் மருந்துக் கடைகளில் இன்றும் பார்க்கலாம். இவை லத்தீன் சுருக்கங்கள். ‘பி.டி.’ என்றால் நாளில் இருமுறை, ‘டி.டி.எஸ்.’ என்றால் நாளில் மும்முறை: ‘பிஸ்’ இருமுறை, ‘டெர்’ மும்முறை, ‘டியே’ நாளில். ‘எச்.எஸ்.’ என்பது படுக்கப் போகும் நேரம். சீட்டில் வரும் ‘எஸ்.ஓ.எஸ்.’ ஆபத்துக் கால அழைப்பு அல்ல. ‘சி ஓபுஸ் சிட்’, தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். காய்ச்சலுக்கு அப்படி எழுதிய மாத்திரையைக் காய்ச்சல் விட்ட பிறகும் போட வேண்டியதில்லை.

பெரிய சிக்கல் ‘ஓ.டி.’யில்தான். மாத்திரைக்குப் பக்கத்தில் இருந்தால் ‘ஓம்னி டியே’, தினம் ஒருமுறை. கண் மருத்துவத்தில் அதே இரண்டெழுத்து ‘ஓகுலுஸ் டெக்ஸ்டெர்’, வலது கண். ‘1 சொட்டு, ஓ.டி., பி.டி.’ என்றால் வலது கண்ணில் மட்டும், நாளுக்கு இருமுறை. தெரியாதவர் இரண்டு கண்ணிலும் தினம் ஒருமுறை மட்டும் விட்டுக்கொள்வார். நோயுள்ள கண்ணுக்குப் பாதி மருந்து, நல்ல கண்ணுக்கு வேண்டாத மருந்து!

ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர், சந்தேகம் கேட்க மறுபடி இறங்கி வர முடியுமா? மருத்துவர்கள் ‘வலது கண், காலை 8, இரவு 8’ என்று தமிழில் எழுதலாம். கடைக்காரர்களும் மாத்திரை உறைமேல் வேளையையும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் பேனாவால் எழுதித் தர வேண்டும்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்