ஐப்பசி மழைக்கு முன் மடத்துக்குக் கூரை: நெடுந்தீவு உறவுகளிடம் ஒரு வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

ஊர் கூடும் பொதுத் தோட்டத்து மடத்தின் கூரை இந்த மாரியைத் தாங்காது. கூரையைத் தாங்கும் உத்தரமான வடக்குப் பக்கத் தீராந்தியைக் கறையான் உள்ளுக்குள் தின்றுவிட்டது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்கிறது. இப்போதைக்கு இரண்டு பனந்தடிகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். வாடைக்காற்று தொடங்கிக் கடல் அடித்தால் குறிகட்டுவான் துறையிலிருந்து சாமான் ஏற்ற முடியாது. ஆகவே ஆவணி முடிவதற்குள் மரமும் ஓடும் சீமெந்தும் இங்கே இறங்கியாக வேண்டும்.

இந்தத் தோட்டம் எப்படி வந்தது என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் நெடுந்தீவு, பவளப்பாறையான முருகைக்கல் நிலம். மண்வெட்டி ஆழ இறங்குவதற்குள் கல்லில் முட்டும். அந்தக் கல்லைக் கிளப்பி, கிளப்பிய கல்லையே சாந்தில்லாமல் அடுக்கி மதிலாக்கி, உள்ளே பயிர் செய்தவர்கள் எங்கள் பாட்டன்மார். போர்த்துக்கேயர் குதிரைகளை விட்டுப் போனார்கள். ஒல்லாந்தர் தங்கள் நகரமான டெல்ஃப்ட்டின் பெயரைத் தீவுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். மதில்கள் மட்டும் எங்களவர் கட்டியவை. பிறகு அந்தக் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல் ஊருக்கென்று தானமாகத் தருமசாதனம் எழுதிவைத்த மனது எத்தனை பேருக்கு வரும்?

தோட்டத்துக் களத்தில் எல்லாக் குடும்பமும் முறைவைத்து நெல்லுச் சூடடித்தது. விளைச்சலில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி அம்மன் கோயில் அன்னதானம் நடந்தது. வேலிச் சண்டையும் மாடு மேய்ந்த சண்டையும் மடத்துத் திண்ணையில்தான் பேசித் தீர்ந்தன. கேணிக்கரையில் நிற்கும் ஆவுரோஞ்சிக்கல்லைப் போய்த் தொட்டுப் பாருங்கள்: மாடுகள் கழுத்தை உரஞ்சி உரஞ்சி ஒரு பக்கம் வழுவழுத்துக் கிடக்கிறது. 1985 மே 15 அன்று பயணிகளை ஏற்றிச் சென்ற குமுதினிப் படகில் எம்மவர் கொல்லப்பட்டபோது, யார் யார் வீட்டில் இழவு என்று தெரியாமல் ஊர் வந்து கூடியதும் இந்த மடத்தில்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். மடத்துக் கூரைக்கு, தீராந்தி, கைமரம், சிலாகை, ஓடு, தச்சர் கூலி எல்லாம் சேர்த்து ரூபா 11,40,000. களத்துத் தரையும் கேணிப் படியும் ரூபா 4,30,000. ஏற்றுக்கூலி மட்டும் ரூபா 2,90,000. இது அதிகம் என்று சிலர் கேட்டார்கள். ஒரு சீமெந்துப் பை லொறியில் துறைக்கு வந்து, ஆள் தோளில் படகேறி, இங்கே மறுபடி இறங்கி, உழவு இயந்திரத்தில் தோட்டத்துக்குப் போகிறது. ஒவ்வொரு கைக்கும் கூலி உண்டு. மொத்தம் ரூபா 18,60,000. கையில் இருப்பது ரூபா 10,25,000. இன்னும் ரூபா 8,35,000 வேண்டும். கிணற்றுக்கு மோட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் அது வேண்டாம். உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நல்ல நீர் நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். கையால் இறைக்கும் துலாவே போதும்.

இதுவரை தந்தவர்களை எப்படி மறப்போம்? பேத்தியின் சாமத்தியச் சடங்கைச் சிறிதாக்கி மிச்சக் காசை அனுப்பிய பிரான்ஸ் உறவுக்கும், ஓய்வூதியத்தில் மாதாமாதம் எடுத்துவைக்கும் ஆசிரியைக்கும், கனடாவில் இரவு வேலை செய்து மூன்று பேராகச் சேர்ந்து ஓடு வாங்கக் காசு தந்த தம்பிமாருக்கும், தங்கள் காணியில் நின்ற முற்றிய பனைகளை அனுமதி எடுத்துத் தறித்துத் தந்த குடும்பத்துக்கும், காசு இல்லை என்று கூச்சப்பட்டு, அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் கல் சுமக்க வந்த அம்மாமாருக்கும் அம்மன் துணை நிற்பாள். உங்கள் பெயர்கள் எல்லாம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன.

அந்தப் புத்தகத்தில் இல்லாத பெயர்களும் எங்களுக்குத் தெரியும். குறை சொல்ல எழுதவில்லை. ஆனாலும் இந்தக் களத்து நெல்லைத் தின்று வளர்ந்து, திருவிழாவுக்கு வந்து, இதே திண்ணையில் இருந்து படம் எடுத்துப் போகிற வீடுகளிலிருந்து ஒரு சதமும் வரவில்லை என்றால் மனம் நோகாதா? பெற்றோர் பெயரால் ஒரு கைமரம் தாருங்கள், ரூபா 12,000. அதுவும் முடியாவிட்டால் ஒரு சீமெந்துப் பை.

ஆவணி 15 அன்று மரத்துக்கு முற்பணம் கட்ட வேண்டும். அதற்கு முன் பொருளாளரிடம் நேரில் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உறவினர் கையில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கச் சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு வெள்ளியும் பூசை முடிந்ததும் மடத்தில் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
பொதுத் தோட்டக் குழுவினர்