சோதிக்க முடியாவிட்டால் பொய்யா? டெல்லித் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

போன ஞாயிறு ஆர்.கே.புரத்தில் நீங்கள் கூட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். அங்கே இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திரிலிருந்து நேரே வந்த ஓர் அம்மாள், "முருகன் இருக்கான்ப்பா, எனக்குத் தெரியும்" என்றார். "பொய்யென்று காட்ட வழியே இல்லாத பேச்சு பொய்தாம்மா" என்றார் உங்களில் ஒருவர். கைதட்டினீர்கள். அந்த அம்மாள் நமக்குக் கொடுக்க எடுத்த பிரசாதப் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நானும் சாமி கும்பிடாதவள்தான். அதனால்தான் மனசு கேட்கவில்லை.

பொய்யென்று காட்ட வழி இருக்கிறதா என்பதை வைத்துத் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934இல் கோடு போட்டது அறிவியலுக்கும் அறிவியல் அல்லாததற்கும் நடுவில். மெய்க்கும் பொய்க்கும் நடுவில் அல்ல. 1930இல் நியூட்ரினோ என்ற துகளை முன்மொழிந்த இயற்பியலாளர் பௌலிக்கே, அதை யாரும் பிடிக்க முடியாதோ என்ற கவலை இருந்தது. 1956இல் பிடித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய 26 வருஷமும் அது பொய்யாகவா இருந்தது?

சரி, என்றைக்குமே பிடிபடாதது என்றால்? என் அப்பா இறந்துபோன ராத்திரி அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. குனிந்து காது வைத்தேன். ஆக்ஸிஜன் குமிழிச் சத்தம்தான் கேட்டது. அம்மாவை நினைத்தாரா, ஊர்க் கிணற்றையா? "அம்மாவைத்தான்" என்று நான் சொன்னால் சரிபார்க்க ஒரு கருவியும் கிடையாது. ஆனாலும் நான் சொல்வது ஒன்று மெய், இல்லை பொய். எனக்கு எட்டவில்லை என்பதற்காக அவர் நினைத்தது இல்லாமல் போய்விடாது.

இதனால் முருகன் இருக்கிறான் என்று ஆகிவிடாது. கோயில் முகப்பில் "யாமிருக்க பயமேன்" என்று பளிச்சென எழுதியிருக்கிறது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் அவன் காத்தான், முடியாவிட்டால் அவன் சித்தம். எது நடந்தாலும் பொருந்துகிற பேச்சை வைத்து என்னை நம்பச் சொல்ல முடியாது. "பொய்யென்று காட்டேன் பார்ப்போம், முடியலையா, அப்போ மெய்" என்று பக்தர்கள் சொன்னாலும் அதே ஓட்டைதான்.

ஆனால் "விபூதி போதும், சர்க்கரை மாத்திரையை நிறுத்து" என்று எவராவது சொன்னால் விடாதீர்கள். அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம். உங்கள் கோபத்தை அங்கே காட்டுங்கள்.

அந்த அம்மாளிடம் "பொய்" என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "எங்களுக்கு நம்பக் காரணம் கிடைக்கலைம்மா" என்று சொல்லுங்கள், அது நேர்மையான பேச்சு. அவர் வீடு எனக்குத் தெரியும். நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
லட்சுமிபாய் நகரிலிருந்து உங்கள் அக்கா