கங்காணிக்குத் தண்ணி தெளித்த பாட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

நான் வளர்த்த பச்சோந்தி கங்காணி செத்துப்போய் இன்றோடு நாலு நாள். என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன், என் குணம் அப்படி.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு மூன்று தடவை காடியில் ஏற்றிப்போய் எண்ணெய்க் காசுகூட வாங்காத நண்பன், எனக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்ட இரண்டு பேர், "ஒரு ஓணானுக்கா இவ்வளவு" என்று கேட்டுவிட்டு அப்புறம் 20 வெள்ளியை என் சட்டைப் பையில் செருகிய மாமா, பினாங்கிலிருந்து பட்டுப்புழு அனுப்பிய முகம் தெரியாத தம்பி (கங்காணி சாப்பிடவே இல்லை, ஆனாலும்), எல்லாருக்கும் நன்றி. முதலில் கொண்டுபோய்க் காட்டிய இடத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. கால்சியம் குறைவு என்ற பேச்சிலேயே ஒரு வாரம் போனது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு வாசல்படி ஏறாதவர். கண் இரண்டையும் ஆளுக்கொரு பக்கம் உருட்டி எல்லாரையும் மேற்பார்வை பார்க்கிறானே என்று நான் அவனுக்குக் கங்காணி என்று பேர் வைத்தபோது, "ரப்பர்த் தோட்டத்துல ஒரு கங்காணிக்குப் பயந்தது பத்தாதா" என்று வேலிக்கு அந்தப் பக்கமே நின்று சிரித்தவர். பாட்டி, இது ஓணான் இல்லை, மலாய்க்காரர்கள் சும்ப்பா சும்ப்பா என்கிறார்களே அதுவும் இல்லை, ஏமன் பக்கத்துப் பச்சோந்தி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "எந்த நாட்டு ஓணானா இருந்தா எனக்கென்ன" என்பார்.

போன வாரம் எனக்குக் காலை 7 மணியிலிருந்து இரவு 7 மணி வரை வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இலைகளில் தண்ணி அடிக்க வேண்டும், பச்சோந்திகள் கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் குடிக்கும். வருவதாகச் சொன்ன பையனின் மோட்டார் பழுதாகிவிட்டது. நான் போனில் கெஞ்சியது வேலி தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். "சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இரவு வந்து பார்த்தால், கூண்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, மடியில் தெளிப்பானோடு உட்கார்ந்திருக்கிறார். கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்து ஒவ்வொன்றும் பெரிது பெரிதாக இருந்தது.

"9 மணி. தண்ணி அடிச்சேன். அது குடிக்கல."
"11 மணி. புழுவப் பாத்துச்சு. நாக்கு பாதி வந்து நின்னுடுச்சு."
"1 மணி. பகல்லயே கண்ண மூடிட்டான்."
"3 மணி. வாயத் தொறந்து மூச்சு விடுறான். தாடைக்குக் கீழ சோத்துக்கைப் பக்கம் மட்டும் வீக்கம்."

பதினோரு மணி வரை அது, ஒரு மணிக்கு அவன். இதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை, நேற்றுதான் பார்த்தேன்.

அந்தத் தாள்களை அப்படியே ஈப்போ டாக்டருக்கு மலாயில் வாசித்துக் காட்டினேன். நாக்கு வராததற்குக் கால்சியம் குறைவும் காரணமாகலாம், ஆனால் வீக்கம் ஒரு பக்கம் மட்டும் என்றதும் அவர் நிறுத்தினார். மறுநாள் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தபோது நாக்குக்கு அடியில் காயம், பழைய காயம். அடுத்த நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்தது. அன்றிரவு கிளினிக்கை மூடிய பிறகும் டாக்டர் கூப்பிட்டு அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார், அவருக்குத் தனி நன்றி.

பச்சோந்தியின் நாக்கு சும்மா இருக்கும்போது, தொண்டையில் உள்ள ஒரு குச்சி போன்ற எலும்பின் மேல், சுருட்டிவிட்ட சட்டைக் கை மாதிரி உட்கார்ந்திருக்குமாம். பாய்ந்தால் உடம்பின் நீளத்தையே தாண்டும். அந்த இடத்தில் காயம் என்றால் இரை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி கிழியும். சீழும் நமக்குப் போல ஒழுகி வெளியே வராது, உறைந்து கட்டியாகிவிடும், ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் விட்டுப்போன கட்டிப்பால் மாதிரி (டாக்டர் இப்படிச் சொல்லவில்லை, இது நான்). அதற்குள் மருந்து போய்ச் சேராது. மூச்சுக்குழலின் வாயும் அங்கேயே பக்கத்தில். நமக்கு இருப்பது போல உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) இல்லாததால் இருமித் தள்ளவும் முடியாது. நோயைக் கடைசி வரை வெளியே காட்டாத பிராணி வேறு.

காயத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பெரிய வெட்டுக்கிளியின் பின்னங்கால் முள். திடலில் அதைப் பிடித்து, ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்தான்.

கொய்யா மரத்தடியில் குழி தோண்டும்போது இதைப் பாட்டியிடம் சொன்னேன். மற்றவர்கள் எல்லாரும் உன் தப்பு இல்லை என்றார்கள். பாட்டி அப்படிச் சொல்லவில்லை. "முப்பத்திரண்டு வருஷம் பால் வெட்டினேன். கத்தி ஒரு நூல் ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம். மேல பட்டை மூடிக்கும், முண்டு முண்டா நிக்கும். என் நெரையில காயம் படாத மரம் எத்தனைன்னு நெனைக்கிற?" ஆறுதலா இது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாலு நாளில் நான் அழுதது அப்போதுதான். அப்புறம் வீட்டுக்குப் போய், எந்தக் காலத்திலிருந்தோ வைத்திருந்த பழைய பால் மங்கு ஒன்றைக் கொண்டுவந்து, பூனை தோண்டாமல் இருக்க மண்மேல் கவிழ்த்து அழுத்தினார்.

இனி வளர்ப்பேனா என்று கேட்காதீர்கள். வளர்த்தால் திடலில் பிடித்த எதையும் கொடுக்கமாட்டேன், தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் தினம் பார்ப்பேன், பார்த்ததைத் தாளில் எழுதி வைப்பேன். பச்சோந்தி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

பாட்டி, இதை உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள். தெளிப்பானை எடுத்துப்போய்க் கறிவேப்பிலைக்குத் தண்ணி அடிக்கிறீர்கள், காலையில் சத்தம் கேட்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டாம். நாள்காட்டித் தாள்களை மட்டும் நான் தரமாட்டேன்.