கெட்ட செய்தி முதலில் வந்து சேர வேண்டிய இடம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகின்றன. ஒன்பது ஆண்டுகள் ஓர் உறுப்பினராக இருந்து வேலை பார்த்த அதே குழுவுக்கு உன்னைத் தலைவியாக்கியிருக்கிறார்கள் என்று படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை அன்றே எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால், "வேலை எனக்குத் தெரியும், ஆட்களை நடத்தத்தான் தெரியவில்லை, நீ எப்படிச் சமாளித்தாய்?" என்று நீ கேட்டிருந்ததற்கு வெறும் வாழ்த்து விடையாகாது என்பதால், யோசித்து எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். என் பக்கத்துச் செய்தியும் இதோடு தொடர்புடையதுதான். பன்னிரண்டு ஆண்டுகளாக வகித்த பொறுப்பைச் சென்ற மாதம் என்னிடம் வேலை பழகிய ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அவருக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது என்று எண்ணிப் பார்த்தபோது தோன்றியவற்றையே உனக்கும் எழுதுகிறேன்.

மென்திறன்கள் என்று பயிற்சி வகுப்புகளில் ஒரு நீண்ட பட்டியல் தருவார்கள். கேட்டல், பேசுதல், பொறுமை, பிறர் நிலையில் நின்று பார்த்தல், முரண்பாடுகளைத் தீர்த்தல் என்று அது போய்க்கொண்டே இருக்கும். பட்டியலில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் இத்தனையையும் எதற்காகப் பழக வேண்டும் என்பதற்கு அங்கே எனக்கு விடை கிடைக்கவில்லை. நான் செய்த தவறு ஒன்றுதான் அதைக் கற்றுக்கொடுத்தது. ஒரு தலைவருக்குக் கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுமையாக வந்து சேருகிறது என்பதைப் பொறுத்தே அவருடைய குழுவின் நலம் அமைகிறது என்று நான் இன்று உறுதியாக நம்புகிறேன்.

அப்போது நான் பொறுப்பேற்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. வாடிக்கையாளர்களின் பழைய பதிவுகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாலை, குழுவிலேயே வயதில் இளையவரான பெண் என் மேசைக்கு வந்து, "மேடம், அந்த முகவரிப் பட்டியலில் ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்கினார். கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தாமலே, "சின்னதுதானே, நீங்களே பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்" என்றேன். அவர் சற்று நின்றுவிட்டுப் போய்விட்டார். பதினோரு நாட்கள் கழித்துத்தான் விவரம் தெரியவந்தது. ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்த இடங்களிலெல்லாம் பதிவுகள் இரட்டித்துப்போய், மக்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய முகவரிகளுக்குக் கடிதங்கள் கட்டுக்கட்டாகச் சென்றிருந்தன. அதைச் சரிசெய்யக் குழு முழுவதும் மூன்று வாரம் உழைத்தது. "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று நான் கேட்டபோது, அந்தப் பெண் சிறிதும் கோபமில்லாமல், "சொல்ல வந்தேன், மேடம். நீங்கள் பேனாவைக் கீழே வைக்கவில்லை" என்றார்.

அதுவரை நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வந்து பேசலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவந்தேன்; அதை மனமாரவே சொன்னேன். ஆனால் தலைவர் வாயால் சொல்வதைக் காட்டிலும் அவருடைய முகமும் கையும் சொல்வதையே கீழே இருப்பவர்கள் கூர்ந்து படிக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இதே குறை மிகப் பெரிய விலை கேட்ட நிகழ்ச்சி ஒன்றைப் பிற்பாடு படித்தேன். 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரை நெருங்கிய டிசி-8 விமானம் ஒன்றில், சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டது. அனுபவம் மிக்க தலைமை விமானி, விமானத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானிலேயே வட்டமிடச் செய்து, சக்கரக் கோளாற்றிலும் பயணிகளைத் தயார்படுத்துவதிலும் முழுக் கவனத்தைச் செலுத்தினார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடனிருந்த துணை விமானிக்கும் விமானப் பொறியாளருக்கும் அது தெரிந்திருந்தது, சொல்லவும் செய்தார்கள், ஆனால் நிலைமையின் கடுமை தலைமை விமானியின் மனத்தில் பதியும்படி அழுத்திச் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்று விமானம் விழுந்ததில், அதில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். எரிபொருளைக் கவனிக்காததும் உடனிருந்தவர்கள் சொன்னதற்குச் செவிசாய்க்காததும் தலைமை விமானியின் தவறுகள் என்று குறிப்பிட்ட விசாரணை அறிக்கை, அந்த அபாயத்தை மற்ற இருவரும் உரியபடி எடுத்துச் சொல்லாததையும் காரணமாகக் காட்டியது. இதற்கு முந்தைய ஆண்டு தெனெரிஃபே தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்ததிலும், பொறியாளர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி தள்ளிவிட்டது பதிவாகியிருந்தது. 1979இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து வளர்ந்த பயிற்சி முறையில், மூத்த விமானிகளுக்குக் கேட்கவும் இளையவர்களுக்குத் தயங்காமல் சொல்லவும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். மென்திறன் என்ற சொல்லை யாராவது இலேசாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சியே நினைவுக்கு வருகிறது.

உன் குழுவில் யாரும் தவறுகளைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று நீ சற்றுப் பெருமையோடு எழுதியிருந்தாய். அந்த வரி என்னைக் கவலைப்படுத்தியது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில் மருந்து தொடர்பான தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தேடியபோது, அந்தக் குழுக்களில் தவறை ஒளிக்காமல் சொல்லும் துணிவு இருந்ததும், மற்ற இடங்களில் பலர் அதை மறைத்து வந்ததும் புலப்பட்டன. இதிலிருந்து வளர்ந்த கருத்தையே அவர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் உளவியல் பாதுகாப்பு என்று விளக்கினார். ஆகவே, உன் குழுவின் அமைதியை நல்ல அறிகுறி என்று அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளாதே.

இனி நடைமுறைக்கு வருகிறேன். யாராவது பேச வந்தால் கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பு. உண்மையிலேயே நேரமில்லை என்றால், அரைகுறையாகக் கேட்பதைவிட, "நான்கு மணிக்கு வாருங்கள், முழுமையாகக் கேட்கிறேன்" என்று சொல்லி, நான்கு மணிக்கு நீயே அவரைத் தேடிப் போ. அவர் சொல்லி முடித்ததும், நீ புரிந்துகொண்டதை உன் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேள். பாதிக்குப் பாதி நேரம், "இல்லை, நான் சொல்ல வந்தது வேறு" என்றுதான் பதில் வரும். உண்மையான செய்தி அதன் பிறகுதான் தொடங்கும்.

கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதும் ஒரு பயிற்சி. மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடியாக நீட்டினாலே மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் சிந்தித்துச் சொன்னவையாகவும் மாறுகின்றன என்றும் கண்டார். கூட்டங்களில் நானும் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிப் பழகினேன். மூன்றாவது எண்ணில் சங்கடமாக இருக்கும். நான்காவதில் பெரும்பாலும் யாராவது பேசத் தொடங்கிவிடுவார்கள். கேள்வியையும் மாற்றிப் பார். "எல்லாம் சரியாகப் போகிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்ற ஒரு சொல்தான் வரும். "இந்த வேலை ஆறு மாதத்தில் தோற்றுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன காரணமாக இருந்திருக்கும்?" என்று கேட்டால் மனத்தில் புதைத்து வைத்திருந்தவை வெளியே வரும். இது கேரி கிளைன் என்ற உளவியலாளர் பரிந்துரைத்த முறை. இதில் உன் கருத்தைக் கடைசியில் சொல். நீ முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஏற்பத் தங்கள் கருத்தை வளைத்துக்கொள்வார்கள்.

செவி கைக்கும்படியான செய்தி வந்தால் முதல் நிமிடத்தில் நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்பதை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள். "யார் செய்தது?" என்ற கேள்வி உதட்டுக்கு வரும்போது அதை விழுங்கிவிட்டு, "சொன்னது நல்லதாயிற்று. இப்போது முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும்?" என்று கேள். பொறுப்பு யாருடையது என்று பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் தனியாக அழைத்துப் பேசு. அப்போதும் ஆளைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேசு. "நீங்கள் அலட்சியமானவர்" என்பதற்கு ஒருவர் என்ன பதில் சொல்ல முடியும்? "செவ்வாய்க்கிழமை அனுப்பிய அறிக்கையின் மூன்றாம் பக்கக் கூட்டல் சரிபார்க்கப்படவில்லை" என்றால் அவர் அதைத் திருத்த முடியும். பாராட்டும் அவ்வாறே குறிப்பாக இருக்கட்டும். வேலையை ஒப்படைக்கும்போது, எதுவரை அவரே முடிவெடுக்கலாம், எதை உன்னிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

இந்தப் பதவியைத் தனக்கு எதிர்பார்த்திருந்த சக ஊழியரைப் பற்றி நீ எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். அவரைச் சமாதானப்படுத்த முயலாதே. தகுதி உள்ளவருக்கு இரக்கம் காட்டுவது அவமதிப்பாகவே படும். முதல் கூட்டத்துக்கு முன்பே அவரைத் தனியாகச் சந்தித்து, அவர் எதிர்பார்த்திருந்தது உனக்குத் தெரியும் என்பதை நேரடியாகச் சொல். பிறகு, "இந்தக் குழுவில் நீங்கள் எதை மாற்றியிருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, மறுப்புச் சொல்லாமல் குறித்துக்கொள். அவர் சொன்னவற்றில் உனக்கும் சரியென்று படுகிற ஒன்றையாவது அந்த மாதத்துக்குள் செய்து, அது அவருடைய யோசனை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல். அவர் உடனே மனம் மாறிவிடுவார் என்று நான் உறுதி கூற முடியாது. என்னோடு அப்படிப் பிணக்கு கொண்ட ஒருவர் இரண்டு ஆண்டுகள் பாராமுகமாகவே இருந்தார். ஆனாலும் குழுவில் நடந்த ஒரு பெரிய பிழையை முதன்முதலில் என்னிடம் வந்து சொன்னவர் அவர்தான்.

முகவரிப் பட்டியல் சந்தேகத்தோடு என் மேசைக்கு வந்த அந்தப் பெண்ணிடம்தான் சென்ற மாதம் பொறுப்பை ஒப்படைத்தேன். முதல் கூட்டம் எப்படி நடந்தது, யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று எழுது. பேசாதவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுது.

மாறாத அன்புடன்,
உன் தோழி