பாட்டிலில் பன்னீர் வாசனை இருக்கிறதா, பார்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொல்லலாம் என்றால் பத்தாவது நிமிடம் அம்மா பிடுங்கிக்கொள்வாள், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். இந்த மார்கழியில் பனி கொஞ்சம் கூடுதல். அடிச்சாம்பல் நோய் வந்துவிடுமோ என்று உன் அத்தான் விடியும் முன்னே திராட்சைப் பந்தலுக்குள் போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு மாதமாக நான் ஒரு ஜப்பான் நாடகத் தொடர் பார்த்தேன். சிரிக்காதே. அத்தான் மகள் காலேஜ் லீவுக்கு வந்தவள், "தாத்தா, இது திராட்சை சம்பந்தப்பட்டது" என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்தாள். 'காமி நோ ஷிசுகு' என்று பெயர். கடவுளின் துளிகள் என்று அர்த்தமாம். 2009 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்த தொடர், நிப்பான் டிவியில் வந்தது, மொத்தம் ஒன்பதே பகுதிகள். நம் ஊர் சீரியல்காரர்கள் இதே கதையை ஒன்பது வருடம் ஓட்டியிருப்பார்கள். கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் பாதி படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். மீதியை அவள் சொல்லுவாள். நீ ஜப்பானிலேயே இருக்கிறாய், பார்த்தாயோ என்னவோ. பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கன்சாகி யுதாகா என்று ஒரு பெரிய ஒயின் விமர்சகர். உலகமே அவர் நாக்கை நம்பும். அவருக்கு ஒரே மகன். பெயர் ஷிசுகு, அதாவது 'துளி'. அப்பன் எதை வைத்துப் பெயர் சூட்டினான் பார். அந்த மகனோ அப்பன் மேல் உள்ள கோபத்தில் ஒயின் பக்கமே போகாமல் ஒரு பீர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். கிழவர் செத்துப்போகிறார். வக்கீல் உயிலை எடுத்து வைக்கிறார். மகனுக்குத்தான் எல்லாம் என்று இருந்தால் கதையே இல்லையே. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கிழவர் இன்னொருவனைச் சட்டப்படி தத்தெடுத்திருக்கிறார். தோமினே இஸ்ஸெய் என்று, அவனும் ஒயின் விமர்சகன், ஐஸ்கட்டி மாதிரி முகம். பெயர் சொல்லாமல் சில ஒயின்களை உயிலில் வர்ணித்து வைத்திருக்கிறார் கிழவர். அது என்ன ஒயின், எந்த வருடத்தது என்று இரண்டு பேரில் யார் சரியாகச் சொல்கிறார்களோ அவனுக்கு வீடும் ஒயின் சேகரிப்பும். மூலக்கதையான மாங்காவில், அதாவது ஜப்பான் படக்கதையில், பன்னிரண்டு பாட்டில், அவற்றுக்கு 'சீடர்கள்' என்று பெயர், கடைசியாக 'கடவுளின் துளிகள்' என்று ஒன்று. டிவிக்காக அதைக் குறைத்திருக்கிறார்கள்.

வர்ணனை என்றால் நீ நினைக்கிற மாதிரி புளிப்பு, துவர்ப்பு என்று இல்லை. அடர்ந்த காட்டுக்குள் தனியாக நடந்து போகிறேன், இப்படி ஆரம்பிக்கிறது முதல் பாட்டில். மாங்காவில் அதற்கு விடை 2001ஆம் வருடத்து பிரான்ஸ் பர்கண்டி ஒயின் ஒன்று, சாம்போல் முசிஞி என்ற ஊர்க்காரத் தோட்டத்து 'லெ ஸாமுரூஸ்'. எழுபத்தொரு வயதில் இந்தப் பெயரைச் சொல்லிப் பழக எனக்கு இரண்டு நாள் ஆனது. காட்டுக்கும் பாட்டிலுக்கும் என்னடா சம்பந்தம் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அந்தப் பையன் ஒரு காட்சியில் பாட்டிலை உயரத் தூக்கி, கீழே இருக்கும் கண்ணாடிக் குடுவைக்குள் நூல் பிடித்த மாதிரி ஊற்றுகிறான். ஒரு சொட்டு சிந்தவில்லை. நம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஆற்றுவாரே, அதே கைப்பழக்கம். குடிக்கவே குடிக்காத பையனுக்கு அது எப்படி வந்தது? சின்ன வயதில் அப்பன் பழக்கியது. தோல் பெல்ட்டை நாக்கால் தொட்டுப் பார், மண்ணை மோந்து பார், இது என்ன வாசனை சொல் என்று விளையாட வேண்டிய வயதில் பாடம் நடத்தியிருக்கிறான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையனுக்கு மிஞ்சியது வெறுப்புதான்.

அந்த இடத்தில் நான் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். உனக்கு ஏழு வயது இருக்கும். கிழக்கு வரிசைப் பழம் ஒன்று, மேற்கே கிணற்றோரப் பழம் ஒன்று. உன் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு எது எங்கே பறித்தது என்று கேட்பேன். தப்பாகச் சொன்னால் மறுபடி. கிணற்றோரப் பழத்தில் தண்ணீர் ஏறி வாசனை மட்டுப்படும், அதை நீ கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ ஒருநாள் துண்டை அவிழ்த்து வீசிவிட்டு, "எனக்குத் திராட்சையே பிடிக்காதுப்பா" என்று அழுதுகொண்டே ஓடினாய். அன்றைக்கு நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

சரி, அந்த இஸ்ஸெய் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் பிடித்துப்போனது அவனைத்தான். எல்லாரும் அவனை வில்லன் மாதிரி பார்ப்பார்கள் போல. ஆனால் மகன் உதறிவிட்டுப் போன தொழிலைக் கட்டிக்கொண்டு கிடந்தவன் அவன்தானே? அவனைப் பற்றிக் கதையில் இன்னொரு ரகசியம் இருக்கிறது, அதைச் சொன்னால் நீ பார்க்கும்போது சுவை போய்விடும், விட்டுவிடுகிறேன். வளர்ந்த ஆளை எப்படித் தத்தெடுப்பார்கள் என்று கேட்டேன். பிள்ளை அதைத் தேடிப் படித்துச் சொன்னாள்: ஜப்பானில் நடக்கும் தத்தில் பெரும்பாலும் வளர்ந்தவர்களைத்தான் எடுக்கிறார்களாம். கடையை, பட்டறையை நடத்த ஆள் வேண்டும் என்றால் மருமகனையே மகனாக எழுதிக்கொள்வார்களாம். தத்து வந்தவனுக்கும் பெற்ற பிள்ளைக்கும் சட்டத்தில் ஒரே பங்கு. 1947 வரைக்கும் அங்கே மூத்த மகனுக்கே மொத்தக் குடும்பச் சொத்தும். அதை மாற்றித்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம் என்று கொண்டுவந்தார்கள். இன்னொன்றும் சொன்னாள், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். உயிலில் என்ன எழுதினாலும் பிள்ளைகளுக்கென்று ஒரு பங்கை அந்தச் சட்டம் ஒதுக்கியே வைத்திருக்கிறதாம். இரண்டே பிள்ளைகள் என்றால் தோற்றவனும் கால் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆக, நிஜத்தில் அந்த ஒயின்களில் பாதி வக்கீல் ஃபீஸுக்கே போயிருக்கும்.

இந்தக் கதையை எழுதியவர்கள் யார் தெரியுமா? ததாஷி ஆகி என்று புத்தகத்தில் போட்டிருக்கும், ஆனால் அது ஓர் ஆள் இல்லை. ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். 2004 முதல் பத்து வருடம் வாரப் பத்திரிகையில் வந்திருக்கிறது. பங்காளிச் சண்டைக் கதையைக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து சண்டையில்லாமல் எழுதி முடித்திருக்கிறார்கள். 2023இல் இதையே பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து மறுபடி தொடராக எடுத்து, அதில் மகனை மகளாக மாற்றிவிட்டார்களாம். அதற்கு அடுத்த வருடம் சர்வதேச எம்மி விருதும் கிடைத்திருக்கிறது. அதை இன்னும் பார்க்கவில்லை.

உன் தாத்தா உயில் படித்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது கைக்குழந்தை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியில் இலை எடுத்த ஈரம் காயவில்லை. பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். கிணற்றை ஒட்டிய நிலம் எனக்கு, மேட்டு நிலம் உன் பெரியப்பாவுக்கு. "கிணறு இருவருக்கும் பொது" என்று ஒரே ஒரு வரி. யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று இல்லை. ஏன் இப்படிப் பிரித்தார் என்றும் இல்லை. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பாதி குடித்த காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அப்புறம் பதினோரு வருடம் என்னோடு பேசவில்லை. தாத்தா உயிரோடு இருக்கும்போது எங்களைக் கூப்பிட்டு, "பெரியவனே, உனக்குக் கடை இருக்கிறது, சின்னவனுக்கு மண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் காபியை அவர் குடித்து முடித்திருப்பார்.

அதனால் நான் செய்யப்போவதை நீ என் வாயாலேயே தெரிந்துகொள்.

பந்தல் நிலம் மொத்தம் 2 ஏக்கர் 40 செண்ட். தாத்தா கொடுத்தது இல்லை, நான் வாங்கியது, சுயார்ஜிதம். அதில் பாதியை, மேற்குப் பக்கம் 1 ஏக்கர் 20 செண்ட்டை, உன் அத்தான் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கப்போகிறேன். உயில் இல்லை, நான் இருக்கும்போதே பதிவு. மீதிப் பாதியும் வீடும் உனக்கு. கிணறு பொது என்று எழுதமாட்டேன். திங்கள், புதன், வெள்ளி யாருக்கு, மற்ற நாள் யாருக்கு, மோட்டார் கெட்டால் செலவு யாருடையது என்பது வரை எழுதச் சொல்லியிருக்கிறேன். பத்திரம் எழுதுபவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் அத்தை தாலியறுத்து வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பத்தாவதோடு நிறுத்தினான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கல்தூண்களுக்கு நடுவே குனிந்தபடியே இருக்கிறான். கவாத்து வெட்டினால் நூற்றி இருபதாம் நாள் பழம் என்று நாம் வாயால் சொல்லிவிடுகிறோம். அந்த நூற்றி இருபது நாளும் தூங்காமல் இருந்தவன் அவன். கூலி கேட்டதில்லை, குத்தகை பேசியதில்லை. இதுவரை இந்த விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில்.

நீ போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் நீயும் அவனும் பரீட்சை எழுத வேண்டாம். அந்தக் கன்சாகி கிழவரை நான் இந்த ஒரு விஷயத்தில்தான் மன்னிக்கவில்லை, செத்த பிறகும் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். அதே சமயம் பொறாமையும் இருக்கிறது, மறைப்பானேன். அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் அந்த இரண்டு பேரும் எப்படி உட்கார்ந்து யோசித்தார்கள்! என் பேச்சை யார் அப்படிக் கேட்டது? அம்மா இதைப் படித்தால் இதற்கும் சிரிப்பாள்.

உனக்கு இந்த முடிவில் மனத்தாங்கல் இருந்தால் திட்டியே எழுது. தை பிறந்து பதிவுக்கு நாள் பார்ப்பதற்குள் எழுது.

கடைசியாக ஒன்று. போன முறை பேசும்போது, கோஃபுவுக்குப் போகிற ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் கட்சுநுமாவில் நம் ஊர் மாதிரியே பந்தல் தெரிகிறது என்றாய். மழை படாமல் இருக்க ஒவ்வொரு குலைக்கும் காகிதத் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். அத்தானிடம் சொன்னேன், "ஒவ்வொரு குலைக்குமா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நினைப்பில் ஜப்பான் திராட்சையைப் பற்றிப் பிள்ளையைத் தேடச் சொன்னேன். நிகாட்டா பக்கம் கவாகாமி ஸென்பெய் என்று ஒரு பெரிய நிலக்கிழார் வீட்டு மகன். 1890இல் இவானோஹாரா என்ற தோட்டம் போட்டு, அப்பன் பாட்டன் சேர்த்த சொத்தையெல்லாம் திராட்சையில் கொட்டியவர். அந்தப் பனிக்கும் மழைக்கும் தாங்குகிற கொடி வேண்டும் என்று ஒரு ரகத்தோடு இன்னொரு ரகத்தைப் பத்தாயிரம் தடவைக்கும் மேல் இனக்கலப்பு செய்து பார்த்திருக்கிறார். அதில் தேறியது இருபத்திரண்டு ரகம். 1927இல் அவர் சேர்த்த ஒன்றுதான் இன்றைக்கு ஜப்பானின் சிவப்பு ஒயினுக்குப் பேர்போன மஸ்கட் பெய்லி ஏ. தாய்க்கொடி பெய்லி. மகரந்தம் கொடுத்த அப்பன் யார் தெரியுமா? மஸ்கட் ஹாம்பர்க். நம் கம்பத்துப் பன்னீர்த் திராட்சையேதான், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது.

படித்ததும் அத்தானை பந்தலிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். கையில் மருந்து வாடையோடு வந்து நின்று, "நம்ம வீட்டுப் பிள்ளை மாமா அது" என்றான்.

அதனால் ஒரு பாட்டில் மஸ்கட் பெய்லி ஏ வாங்கு. விலை அதிகமென்றால் சின்னதாக வாங்கு. முதல் வாய்க்கு முன்னால் மோந்து பார். நம் பழத்தை விரலால் நசுக்கினால் வருமே அந்த வாசனை, அது கொஞ்சமாவது அதில் இருக்கிறதா, கிழக்கு வரிசை வாசனையா, கிணற்றோர வாசனையா என்று எழுது. இது பரீட்சை இல்லை, எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா போனுக்கு அனுப்பாதே, அத்தான் போனுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா